என் ரவிக்கையை வெட்டியவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் யார் காதையும் கடிக்க வேண்டாம். அம்மன் கோயில் திருவிழாவில், பட்டப்பகலில், ஊர் கூடி நின்ற இடத்தில் என் ரவிக்கையைக் கத்தரிக்கோலால் வெட்டிய ஆளைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர் பெயரை எழுதப்போவதில்லை. பயத்தால் அல்ல. ஒன்பது வருஷம் அவர் ஓட்டிய பஸ்ஸில் போய் வந்தும் நாங்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மலேசியாவில் யோங் பெங் ஊரில், தாமான் என்கிற எங்கள் குடியிருப்பு முழுவதற்கும் அவர் ‘பஸ் அண்ணன்’. இப்போது வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு சிகாமட்டில் மகள் வீட்டோடு இருக்கிறார்.

ஆயர் ஈத்தாம் பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கு எங்களை ஏற்றிப்போகும் பஸ் அது. ஆள் குட்டை. கழுத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தோளில் எப்போதும் இரண்டு துண்டுகள் கிடக்கும், ஒன்று முகம் துடைக்க, ஒன்று கண்ணாடி துடைக்க. முகத்துண்டால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தன்னைத்தானே திட்டிக்கொள்வார். கிளம்பும் முன் எங்களைத் தலை எண்ணுவார். பாதியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கணக்கு தவறிவிடும், மறுபடி முதலிலிருந்து எண்ணுவார். நாங்கள் வேண்டுமென்றே பேச்சுக் கொடுப்போம்.

இங்கே நாங்கள் எல்லாரும் வார்த்தைக்கு வார்த்தை ‘சோரி’ என்று மன்னிப்புக் கேட்கிறவர்கள். இடித்தாலும் சோரி, இடிபட்டாலும் சோரி. கடையில் ஒரு தேத்தண்ணி கேட்பதற்கும் முன்னால் ஒரு சோரி லா. அவர் வாயிலிருந்து மட்டும் அந்த வார்த்தை வரவே வராது.

ஒரு மழை நாளில் பஸ் இருபது நிமிடம் பிந்தியது. மாசமாக இருந்த ஒரு பெண் வழியில் வாந்தி எடுத்து மயங்கிவிட்டாள். அவள் அம்மா வந்து அழைத்துப்போகும்வரை அவர் வண்டியை நகர்த்தவில்லை. தொழிற்சாலை வாசலில் சூப்பர்வைசர் குடையோடு நின்றுகொண்டிருந்தார். அவரும் நம்மவர்தான்.

“அங்கிள், எல்லார் முன்னாலயும் ஒரு சோரி சொல்லிட்டுப் போங்க லா. நான் விசயத்த இங்கயே முடிச்சிடறேன்.”

“லேட்டு. உண்மைதான். எழுதிக்கோங்க,” என்றார் இவர். “சோரி சொல்ல மாட்டேன்.”

“ஒரு வார்த்தைதானே அங்கிள்?”

“சோரின்னா இனிமே அப்படிச் செய்ய மாட்டேன்னு அர்த்தம். நாளைக்கும் ஒரு புள்ள மயங்கி விழுந்தா நான் நிறுத்துவேன். அப்புறம் எப்படிச் சொல்றது?”

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, முன்கண்ணாடியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார். அந்த வருஷம் முடியும்வரை அது அங்கேயே வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது.

இதைப் படித்துவிட்டு அவரை மகான் என்று நினைத்துவிடாதீர்கள். தலைக்கனம் பிடித்த ஆள். ஒருநாள் நான் மூன்று நிமிடம் பிந்திவிட்டேன் என்று பஸ் நிறைய ஆள் இருக்க என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார். பிந்தியது நான் இல்லை, பஸ்ஸில் இருந்த கடிகாரம் முந்தி ஓடியது. மறுநாள் ஏறிப் பார்த்தால் கடிகாரம் சரியான நேரம் காட்டியது.

“சோரி கீரி ஒண்ணும் இல்லையாண்ணே?” என்றேன்.

“அதான் திருத்திட்டேன்ல,” என்று கியரைப் போட்டார்.

எனக்கு அதில் இன்றைக்கும் கோபம் உண்டு. அவர் மனைவியை ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்தேன். இருபத்தாறு வருஷத்தில் தனக்கும் ஒரு சோரி கிடைத்ததில்லை என்று ரசத்தைக் குடித்துக்கொண்டே சொன்னார். பஸ் அண்ணன் இப்படி ஆனதற்குப் பின்னால் ஏதாவது பெரிய சோகக் கதை இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். ஒரு கதையும் இல்லை. பிறவியே அப்படி.

தொழிற்சாலையில் ஒருமுறை முதலுதவி வகுப்பு வைத்தார்கள். ஓட்டுநர்களும் வரவேண்டும் என்று உத்தரவு. வகுப்பெடுத்தவர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி, நாங்கள் புவான் என்று கூப்பிட்டோம். கை கால் இல்லாத ரப்பர் பொம்மை ஒன்றைத் தரையில் கிடத்தி நெஞ்சை அமுக்கிக் காட்டினார். பிறகு ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தார். இதயம் துடிக்காமல் தாறுமாறாக நடுங்கிக்கொண்டு மட்டும் இருக்கும்போது, இந்தப் பெட்டி ஒரு மின்னதிர்ச்சி கொடுத்து அந்த நடுக்கத்தை நிறுத்தும். நின்ற இடத்திலிருந்து இதயம் தன் தாளத்தைத் தானே பிடித்துக்கொள்ளலாம் என்றார். பெட்டியே பேசும், அது சொல்வதைச் செய்தால் போதும். இரண்டு ஒட்டுகள் இருக்கின்றன. ஒன்றை வலது தோளெலும்புக்குக் கீழே ஒட்ட வேண்டும், மற்றதை இடது அக்குளுக்குக் கீழே. நடுவில் ஈரமும் இருக்கக் கூடாது, துணியும் இருக்கக் கூடாது. அதற்குத்தான் பெட்டியோடு ஒரு கத்தரிக்கோல் வைத்திருக்கிறார்கள், கூச்சப்படாமல் வெட்டுங்கள், நிமிடம் போகப்போக உயிர் போய்க்கொண்டிருக்கும் என்றார்.

பஸ் அண்ணன் கையைத் தூக்கினார். “புவான், கலாவ் பெரெம்புவான்?” பெண்ணாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார்.

“சாமா,” என்றார் புவான். ஆணுக்கு எப்படியோ பெண்ணுக்கும் அப்படியே.

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. முதலில் சிரித்தவள் நான்தான், மறைக்க மாட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் எழுந்து நின்று, “அண்ணே, எங்க மேல கை வச்சீங்க, செருப்பு பிஞ்சிரும்!” என்றும் சொன்னேன்.

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். “நீ எழுந்திரிச்சு அடிச்சீன்னா எனக்குச் சந்தோசம்தான்மா.”

பஸ் குலுங்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து போகிற வழியெல்லாம் எங்களுக்கு இதே பாடம்தான். இந்த பேங்க்கில் பெட்டி இருக்கிறது, அந்தப் பெட்ரோல் போடும் எண்ணெய் ஸ்டேசனில் இல்லை, கோயிலுக்கு எதிரே பூப்பந்து மண்டபத்தில் இருக்கிறது, பூட்டு கிடையாது. கோயில் தலைவரிடமும் போய், நம் கோயிலுக்கும் ஒன்று வாங்கி மாட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார். “அம்மா குடியிருக்கிற எடத்துல ஆபத்துக்குப் பெட்டியா? சகுனமே சரியில்லண்ணே,” என்றாராம் தலைவர். “அப்ப தீயணைக்கிற சிலிண்டர எதுக்கு மாட்டி வச்சிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாராம்.

அந்த வருஷத் திருவிழாவில் நான் பால்குடம் எடுத்தேன். என் வீட்டுக்காரருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்து நல்லபடியாக எழுந்து நடந்ததற்கான நேர்த்திக்கடன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. மஞ்சள் சேலை, வெறுங்கால். கோயில் வளைவுக்கு இருபது முப்பது அடிதான் பாக்கி. பாதம் சுட்டது ஞாபகம் இருக்கிறது, உறுமிச் சத்தம் ஞாபகம் இருக்கிறது, தலையில் இருந்த குடம் திடீரென்று கனக்காமல் போனது ஞாபகம் இருக்கிறது. அதோடு சரி.

மற்றதெல்லாம் நான் வீடியோவில் பார்த்தது. ஆமாம், வீடியோ இருக்கிறது. எனக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்து யாரோ ஒருவன் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்திருக்கிறான்.

அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். விழுந்தவள் கையைக் காலை வெட்டி வெட்டி இழுக்கிறாள். வாயைப் பிளந்து பெரிதாக ஒரு மூச்சு இழுக்கிறாள், கொஞ்சம் விட்டு இன்னொன்று. பால்குட ஊர்வலத்தில், உறுமி மேளத்துக்கு நடுவே, ஒரு பெண் அப்படிச் செய்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். என் நாத்தனார் ஓடிவந்து நெற்றி நிறைய விபூதியை அப்புகிறாள். ஒருவர் வாயில் எலுமிச்சம்பழத்தைச் செருகப் பார்க்கிறார். உறுமிக்காரர்கள் நெருங்கி வந்து, என் முகத்துக்கு நேராகக் குனிந்து, வேகத்தைக் கூட்டுகிறார்கள். “ஆத்தா எறங்கிட்டா, வழி விடுங்க!” என்று ஒரு குரல். சுற்றிலும் குலவை. உள்ளே என் இதயம் தாளம் கெட்டுக் கிடக்கிறது, வெளியே எனக்குத் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது.

பக்தர்களை ஏற்றிவந்த பஸ்ஸை ரோட்டோரம் நிறுத்திவிட்டு பஸ் அண்ணனும் அங்கே நின்றிருக்கிறார். வீடியோவில் முதலில் அவர் குரல்தான் கேட்கிறது.

“அடிக்கிறத நிறுத்துங்கடா!”

“சாமி வந்திருக்குண்ணே, தள்ளி நில்லுங்க!”

“சாமியாவது பூதமாவது! இது மூச்சு இல்லடா, கடைசி இழுப்பு!”

கோயில் வாசலில் அப்படிச் சொன்னதற்கே இரண்டு பேர் அவர் சட்டையைப் பிடித்தார்கள். உதறிவிட்டு என் பக்கத்தில் முழங்கால் போட்டார். ஆம்புலன்சுக்குப் போன் போடச் சொல்லிக்கொண்டே அமுக்க ஆரம்பித்தார். தலையைத் தூக்கி எதிர்ப்பக்கம் பார்த்து மலாயில் ஒரு கத்துக் கத்தினார். பூப்பந்து மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் சீன அங்கிள் அரைக்கால் சட்டையும் சிலிப்பருமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

நான் முழுக்கப் பாலில் நனைந்து கிடந்தேன். கத்தரிக்கோல் என் ரவிக்கைக்குள் நுழைந்தது. உள்ளே இருந்ததையும் சேர்த்து வெட்டினார். எழுந்தது பாருங்கள் கூச்சல், நான் விழுந்தபோதுகூட அப்படி ஒரு கூச்சல் இல்லை. நாத்தனார் தன் ஷாலை எடுத்து என் மேல் போட்டாள். அவர் எடுத்து எறிந்தார். மறுபடி போட்டாள், மறுபடி எறிந்தார். யாரோ ஒரு துண்டைப் போட்டார்கள். அதே துண்டால் என் நெஞ்சில் இருந்த பாலைத் துடைத்தார்.

“மானம் போகுதேண்ணே!” என்று நாத்தனார் அழுதாள்.

“சுத்தி நின்னு சேலையப் புடிங்க! தெரையாக் கட்டுங்க! என் கையப் புடிக்காதீங்க!”

நாலைந்து பெண்களுக்கு அப்போதுதான் புத்தி வந்து முந்தானையை விரித்துப் பிடித்தார்கள். ஒட்டு வைக்கும் இடத்தில் தாலிச் சங்கிலி கிடந்தது. அதை எடுத்துத் தோள் பக்கம் ஒதுக்கினார். தாலியில் கை வைத்ததும் என் கொழுந்தன், என் வீட்டுக்காரரின் தம்பி, பின்னால் இருந்து அவர் பிடரியில் ஓங்கி அடித்தான். இன்னொரு அடியும் அடித்தான். யார் அடித்தது என்றுகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது ஒட்டையும் ஒட்டினார். நோயாளியைத் தொடாதீர்கள் என்று பெட்டி மலாயில் சொன்னது. கொழுந்தன் அழுதுகொண்டே என் கையைப் பிடிக்கக் குனிந்தான். அவர் இரண்டு கைகளாலும் அவனை நெஞ்சில் தள்ளிவிட்டார், அவன் மல்லாக்க விழுந்தான்.

“தொடாத!”

பொத்தானை அமுக்கினார். என் உடம்பு ஒரு தரம் தூக்கிப்போட்டது. உடனே மறுபடி நெஞ்சை அமுக்கத் தொடங்கினார். இரண்டு நிமிடம் கழித்துப் பெட்டி மறுபடி சோதித்துப் பார்த்தது, மறுபடி ஒரு அதிர்ச்சி. ஆம்புலன்ஸ் வந்தபோது நான் கையை அசைத்தேனாம். வீடியோவில் அது இல்லை. அதற்குள் படம் எடுத்தவன் கைப்பேசியைக் கீழே இறக்கிவிட்டான்.

ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தேன். இடது தோளெலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்றை வைத்துத் தைத்தார்கள். இதயம் மறுபடி முரண்டு பிடித்தால் உள்ளேயிருந்து அதுவே அதிர்ச்சி கொடுக்கும். நான் ரவிக்கை போட்டிருக்கிறேனா இல்லையா என்று அது பார்க்காது. பஸ் அண்ணன் ஒருநாள் ஆரஞ்சுப் பழப் பையோடு பார்க்க வந்தார்.

“நீங்க அமுக்கினதுல ரெண்டு எலும்பு ஒடைஞ்சிருக்காம்,” என்றேன். இதற்காவது ஒரு சோரி வருமா என்று பார்த்தேன்.

“ஒடையத்தான் செய்யும்,” என்று பழங்களை மேசையில் அடுக்கினார்.

எனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கிண்ணத்தை வைத்துவிட்டு, அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். இதையும் சொல்லத்தான் வேண்டும். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. வீடியோ அதற்குள் கைமாறிக் கைமாறி ஊரையே சுற்றிவிட்டது. காப்பிக்கடையில் ஒருவன் என் வீட்டுக்காரரிடம், “ஒங்க வீட்டம்மாவ முழுசா பாத்துட்டோம் லா,” என்றானாம். சொன்னவன் வாயில் ஒன்று விட்டிருக்கலாம். அதற்கு அவருக்குத் துணிச்சல் இல்லை. கோபம் முழுக்க பஸ் அண்ணன் பக்கம் திரும்பிவிட்டது. கொழுந்தன் எண்ணெய் ஊற்றினான். கோயில் தலைவர் பஞ்சாயத்துக்கு நாள் குறித்தார். பஸ் அண்ணன் சன்னிதிக்கு முன்னால் கை கூப்பி என் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், பொது இடத்தில் ஒரு பெண்ணின் ஆடையைக் களைந்தார் என்று போலீசில் புகார். கொழுந்தன் அதை மலாயில் அழகாகத் தட்டச்சு செய்தே வைத்துவிட்டான். என் கையெழுத்துத்தான் பாக்கி. புகார் என்று ஒன்று போனால், பெண்கள் ஏறும் பஸ்ஸை அவர் கையில் தொழிற்சாலை விட்டுவைக்காது. அது எல்லாருக்கும் தெரியும்.

“அவரு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சிரும்,” என்றார் என் வீட்டுக்காரர். “ஒனக்கும்தானே அவமானம்?”

“எனக்கு மொதல்ல உசிரு இருக்கு,” என்றேன். “அவமானம் இருக்கான்னு அப்புறம் தேடிப் பாக்கறேன்.”

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் மண்டபம். என்னை யாரும் கூப்பிடவில்லை, கையெழுத்தை வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வார்களாம். தையல் போட்ட தோள் வலிக்க வலிக்க நடந்தே போனேன். நீள மேசையைச் சுற்றித் தலைவர், செயற்குழு ஆட்கள் நாலு பேர், என் வீட்டுக்காரர், கொழுந்தன். எதிரே தனியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், பஸ் சட்டையோடு அவர். என்னைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள், அவரைத் தவிர. நான் கொழுந்தனின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். “அண்ணே, நீங்க உசிரக் காப்பாத்தினத யாரும் இல்லேன்னு சொல்லல. ஆனா ஒரு குடும்பத்தோட மனசு புண்பட்டிருக்கு. ஒரே ஒரு மன்னிப்பு. எல்லாருக்கும் நிம்மதி.”

“நான் கேட்டேன்னு வைங்க,” என்றார் அவர். “அடுத்த தடவ ஒருத்தன் கத்தரிக்கோலக் கையில எடுப்பான். எடுத்துட்டு, அந்த அண்ணன் கோயில்ல கை கூப்புனாரே, நமக்கு எதுக்கு வம்புன்னு நிப்பான். அவன் நிக்கிற நேரத்துல ஒரு பொம்பள செத்துருவா.”

கொழுந்தன் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினான். “போடுங்க அண்ணி. இவரு இப்படித்தான் பேசுவாரு.”

நான் கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தேன். வீடியோவை நாத்தனாரிடமிருந்து வாங்கி வைத்திருந்தேன். எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. மேசையில் இருந்த தண்ணீர்க் கூஜாவில் சாய்த்துவைத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டினேன்.

“எல்லாரும் ஒளிஞ்சு ஒளிஞ்சு பாத்தீங்கல்ல? இப்ப நானே காட்டறேன். நேரா பாருங்க.”

உறுமிச் சத்தம் மண்டபத்தில் எதிரொலித்தது.

“அம்மா, என்னம்மா இது, நிறுத்தும்மா,” என்றார் தலைவர். கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

“இது மேளம். இது விபூதி. இது எலுமிச்சம்பழம். இது என்னை மூடற கை. எண்ணுங்க தலைவரே, எத்தன கை மூடுது, எத்தன கை அமுக்குதுன்னு எண்ணுங்க.” திரையில் விரலை வைத்துக் காட்டினேன். “இந்தா, ஒருத்தன் அடிக்கிறான் பாருங்க. நான் செத்துக் கெடக்கேன், எனக்கு உசிரு குடுக்கிற ஆள அடிக்கிறான். இது யாரு தம்பி? நீதானே?”

என் வீட்டுக்காரர் திரையில் நான் தூக்கிப்போடப்படுவதைப் பார்த்தார். அவர் அன்றைக்குக் கூட்டத்துக்குப் பின்னால் இருந்தார், இதை முழுசாக அப்போதுதான் பார்க்கிறார். மெல்லக் கை நீட்டி, என் முன்னால் இருந்த பேனாவை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஏழு பேரும் குனிந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும். அதற்குத்தானே வைத்தேன். எட்டாவது ஆள் எங்கே என்று தலையை நிமிர்த்தினேன்.

அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த மண்டபத்தில் என்னைப் பார்க்காத ஒரே ஆண் அவர்தான்.

சத்தம் நின்றது.

“முடிஞ்சிருச்சாம்மா?” என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

“முடிஞ்சிருச்சுண்ணே.”

எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மறுபடி உட்கார்ந்தார். தலைவரை நேராகப் பார்த்தார்.

“நான் மன்னிப்பு கேக்க மாட்டேன்,” என்றார்.

நான் அந்தத் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தேன்.

“கேட்டீங்கன்னா,” என்றேன், “நான் ஒங்கள மன்னிக்கவே மாட்டேன்.”